வெட்பாலைத் தைலமும் வீட்டுக் களிம்பும்

பச்சை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறத் தைலம் கிடைக்குமென்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். வெட்பாலை இலையை ஒரு முறை ஊறப் போட்டுப் பார்த்தவர்களுக்கோ இது அதிசயமன்று. அவுரியைப் போலவே இவ்விலையிலும் நீலச் சாயம் மறைந்திருக்கிறது. அதை எடுக்கும் விதத்தை வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் தாவர சாஸ்திரி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

காளாஞ்சகப் படை முதலிய சரும வியாதிகளுக்குச் சித்த வைத்தியர்கள் இத்தைலத்தைப் பூசக் கொடுப்பது வழக்கம். கொல்லையில் இம்மரம் இருந்தால், வறண்ட சருமத்துக்கான களிம்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் மரம் வெட்பாலைதானா என்பதை அறிந்தவர்களைக் கொண்டு நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பால் வடியும் செடிகளில் அரளியைப் போன்ற விஷச் செடிகளும் உண்டல்லவா?

தைலத்துக்குப் பெரும் பகை தண்ணீர். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பூக்கும். எண்ணெய் சிக்கு நாற்றம் அடிக்கும். வெடித்துப் புண்ணான தோலில் அதைத் தடவுவது, நோய்க்கு மருந்தாவதற்குப் பதில் நோயை வளர்ப்பதாகவே முடியும். ஆகையால் இலைகளைக் கழுவியபின் நிழலில் துணிமேல் பரப்பி, மேல் ஈரம் சிறிதுமின்றித் துடைக்க வேண்டும். இலையே உலர்ந்துவிடக் கூடாது. பச்சை இலையில்தான் நிறம் நன்றாக இறங்கும்.

உலர்ந்த கண்ணாடி ஜாடியில் இலைகளைக் கிள்ளிப் போட்டு, அவை முழுதும் மூழ்கும்படி எண்ணெய் ஊற்றுங்கள். வெளியே தலைநீட்டும் இலையில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். ஜாடியை மூடியால் இறுக்காமல் மெல்லிய துணியால் வேடு கட்டினால் இலையின் நீர் ஆவியாகி வெளியேற வழியிருக்கும். ஐந்தாறு நாள் நல்ல வெயிலில் வைத்து வடிகட்டி, ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டு, அடி மண்டியை நீக்கிவிடலாம்.

ஈரம் போயிற்றா என்று அறிய நம் முன்னோர் கண்ட சோதனை எளிது. பஞ்சுத் திரியைத் தைலத்தில் நனைத்துக் கொளுத்துங்கள். சடசடவென்று வெடித்தால் நீர் மிச்சமிருக்கிறது. சிறு தீயில் சற்றே காய்ச்ச வேண்டும். ஓசையின்றி எரிந்தால் பக்குவம் சரி.

இனிக் களிம்பு. 200 கிராம் தைலத்துக்கு 50 கிராம் தேன்மெழுகு போதும். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, மெழுகு உருகியதும் இறக்கி, உலர்ந்த சிமிழ்களில் ஊற்றி ஆறவிடுங்கள். வாசனைக்கென்று பன்னீர் கலப்பவர்கள், அரும்பாடுபட்டு விரட்டிய பகையை மீண்டும் வீட்டுக்குள் அழைப்பவர்களே ஆவார்கள். சிமிழில் ஈர விரலும் படலாகாது.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே மற்ற இடங்களில் பூசுங்கள். அரிப்போ சிவப்போ கண்டால் விட்டுவிடுங்கள். தைலத்தின் ஊதாக் கறை துணியை எளிதில் விடாது. பழைய ஆடை உடுத்திக்கொள்வது நலம். படை பரவினாலும், மூட்டுகளில் வலி தோன்றினாலும் சிமிழை நம்பிக் காலம் போக்காமல் வைத்தியரிடம் செல்வதே விவேகம்.