தறிக்காரர் விரலும் மூளைப் படமும்

கோர்வை போடும் நெசவாளிக்குக் கை ஓய்வதில்லை. சேலையின் உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. ஊடையைத் தள்ளி, பலகையை இழுத்து அடித்து, அறுந்த இழையைப் பிடித்து முடிந்து என மணிக்கட்டு நாள் முழுக்க மடங்கி நிமிர்கிறது. காஞ்சிபுரத்திலும் முசரவாக்கம் போன்ற சுற்றுக் கிராமங்களிலும் ஒரு தறிக்காரர் "விரல் மரத்துப்போகுது, ராத்திரியில கை எரியுது" என்றால், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவர்கள் 'கார்ப்பல் டனல்' என்பது இதைத்தான். அக்குபஞ்சர் இதற்கு உதவுமா?

மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்துவிட்டது. ஆனால் அங்கீகாரம் வேறு, ஆதாரம் வேறு.

ஆதாரத்தை மூளைக்குள் தேடியவர்கள் முதலில் சறுக்கினார்கள். கால் சுண்டுவிரல் நகத்தோரம் கண்ணுக்கென்று ஒரு புள்ளி சொல்வார்கள். அதைத் தூண்டினால் பார்வைக்கான மூளைப் பகுதி விழிக்கிறது என்று 1998-ல் கலிஃபோர்னியாவில் சோ ஜாங் ஹீ குழுவினர் எழுதினார்கள். உலகமே பேசியது. 2006-ல் சோவும் உடன் எழுதியவர்களில் பலரும் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். வலியைப் பொறுத்தவரை இன்ன புள்ளிக்கு இன்ன பலன் என்பது நிற்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் 1998-ம் ஆண்டுப் படத்தை மட்டும் காட்டி இன்றைக்கும் விளம்பரம் செய்தால் அது தவறு. அந்தப் படத்தை எடுத்த எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன் காட்டுவது, வேலை செய்யும் நரம்பணுக்களைத் தேடிப் பாயும் ஆக்ஸிஜன் ரத்தத்தை. நோய் குணமானதா என்பதை அந்தப் படத்தில் தெரியும் வண்ணம் சொல்லாது.

நம் நெசவாளிக்கு நெருக்கமான ஆய்வு பாஸ்டனில் விட்டாலி நபடோவ் குழுவினர் 2017-ல் வெளியிட்டது. கார்ப்பல் டனல் நோயாளிகள் 80 பேர். 8 வாரத்தில் 16 அமர்வு. சிலருக்கு மெல்லிய மின்தூண்டலோடு கையில் ஊசி, சிலருக்குக் கணுக்காலில், மற்றவர்களுக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசி. இந்த நோயில், மூளையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய இடங்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். அசல் ஊசி பெற்றவர்களுக்கு அவை மறுபடி விலகின. மணிக்கட்டு நரம்பின் கடத்தலும் தேறியது. போலி ஊசியில் இந்த மாற்றம் இல்லை.

இதையும் மறைக்கக் கூடாது: சிகிச்சை முடிந்ததும் மரமரப்பும் வலியும் போலி ஊசிக்காரர்களுக்கும் குறைந்திருந்தன. நம்பிக்கையும் கவனிப்பும் தரும் நிம்மதி அவ்வளவு பெரியது. ஆனால் விரல்களின் இடம் மூளையில் எவ்வளவு விலகியதோ, அதற்கேற்பவே மூன்று மாதம் கழித்தும் சுகம் நிலைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அக்குபஞ்சரை முழுக்க ஏற்கவோ, முழுக்கத் தள்ளவோ இது இடம் தரவில்லை.

இப்படியொரு ஆய்வை நம் மருத்துவக் கல்லூரிகள் தறிக்காரர்களை வைத்தே செய்ய வேண்டும். அதுவரை, விரல் மரத்துப்போனால் ஊசிக்குப் போகுமுன் நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொள்ளுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அறுவை மருத்துவரைப் பாருங்கள்.