பொருநைக்கரை வக்கீல்கள் – 7: சன்னது இழந்த வ.உ.சி.

வ.உ.சி. என்றதும் நம் ஆட்களுக்குக் கண்முன் வருவது கப்பல். அடுத்தது கோயமுத்தூர் சிறைச் செக்கு. 1961-இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படமும் மேடைப் பேச்சுகளும் இந்த இரண்டையும் மனத்தில் அழுத்தமாகப் பதித்துவிட்டன. தொழில் என்ன என்று கேட்டால், வக்கீல்தான், ஆனால் அதை உதறிவிட்டு அரசியலுக்கு வந்தார் என்பார்கள். இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் செய்த பொதுக்காரியங்களில் பாதிக்கு மேல் வக்கீல் மூளை செய்த காரியங்கள். நெல்லைச் சீமை அவரை ஒரு மூத்த வழக்கறிஞராகவும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதே இந்த வாரத்து வாதம்.

ஒட்டப்பிடாரத்தில் தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீல். 1894-இல் பிளீடர் தேர்வில் தேறிய மகனும் அதே ஊரில் தொழில் தொடங்கினார். வசதியுள்ளவர்கள் தகப்பனாரிடம் போனார்கள். போலீஸ் வழக்கில் மாட்டிக்கொண்ட ஏழைகள் மகனைத் தேடி வந்தார்கள். சப் மாஜிஸ்திரேட்டுகள் மீதான லஞ்சப் புகாரையே நிரூபித்துக் காட்டியவர் என்றால், அதிகாரிகளுக்கு அவர் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கும்! 1900-இல் அவர் தூத்துக்குடிக்கு ஜாகை மாறியதற்கு இந்தப் பகையும் ஒரு காரணம். வெள்ளை அதிகாரத்தோடு அவருடைய மோதல் முதலில் கோர்ட்டில்தான் தொடங்கியது. துறைமுகம் பிறகு வந்தது.

சுதேசிக் கப்பல் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். உணர்ச்சியில் பிறந்த முயற்சி என்று சொல்லிவிடுகிறோம். 1906 அக்டோபர் 16-ஆம் தேதி முறைப்படி பதிவான கம்பெனி அது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 40,000 பங்குகள், பங்கு ஒன்று 25 ரூபாய். தலைவர் பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல், போட்டியாக இருந்த வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் நெருக்குதலால் கைவிட்டுப் போனது. சொந்தக் கப்பல் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று கண்டபின், 1907-இல் ‘காலியா’வும் ‘லாவோ’வும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய தூத்துக்குடி கோரல் நூல் ஆலை வேலைநிறுத்தத்திலும் இதே மூளையைப் பார்க்கலாம். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் திட்டமான கோரிக்கைகள். கட்சிக்காரனுக்காகப் பேரம் பேசுகிற வக்கீலைப்போலத் தொழிலாளிக்காக அவர் நின்றார். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

கம்பெனிதான் நொடித்துப் போயிற்றே, சட்டமறிவு எங்கே காப்பாற்றியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டணக் குறைப்புப் போட்டியும் இயக்குநர்களுக்குள் பிணக்கும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனாலும் கம்பெனியின் உயிர்நாடியாக இருந்தவரைப் பிடித்து உள்ளே போடாமல் அதை வீழ்த்த முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு உதவியது ராஜத் துரோகச் சட்டம்தான். தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்துக் கூட்டங்களுக்குப் பின், 1908 மார்ச் 12-இல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, அரசு அலுவலகங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலை 7-இல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி.யின் பேச்சுக்கு 20 ஆண்டு, கூட்டாளி சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் விடுதலையானார். வக்கீல் தொழில் நடத்தும் உரிமமான சன்னது மட்டும் போனது போனதுதான். சென்னையில் மளிகை விற்றுப் பிழைக்க வேண்டியதாயிற்று.

உண்மையான சிக்கல் இனிமேல்தான். பறித்த சன்னதைத் திரும்பப் பெற உதவியவர் நீதிபதி வாலஸ். 1908-இல் வ.உ.சி. வழக்கை முதலில் விசாரித்து செஷன்ஸுக்கு அனுப்பிய அதே மாஜிஸ்திரேட்! நன்றியாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. காந்தி கோர்ட்டைப் புறக்கணிக்கச் சொன்ன காலத்தில், 1920-இல், ஒத்துழையாமையை ஏற்காமல் காங்கிரஸை விட்டும் விலகியிருந்தார். இரண்டையும் சேர்த்து, சன்னதுக்காக வளைந்துகொடுத்தார் என்று சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். 1920-இல் அவரிடம் சன்னதே இல்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாதவர் கோர்ட் புறக்கணிப்பை ஆதரித்துக் கைதட்டு வாங்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கோவில்பட்டியில் மீண்டும் வக்கீல் தொழிலுக்கு வந்தபின் வாயை மூடிக்கொண்டாரா? 1927-இல் சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிப் பேசினார். பெயர் சூட்டியது ஒரு தனிமனிதரின் உதவிக்குச் செலுத்திய நன்றி. அதை ஆட்சிக்கு விசுவாசம் என்று படிப்பது அநியாயம்.

தொழில் அவரைப் பணக்காரராக்கவில்லை. 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பியவர் 1936 நவம்பர் 18-இல் காலமானார். அவர் எழுதிவைத்த உயிலில் கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கியும் வரிசையாக இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதைச் சாகும் தறுவாயிலும் பத்திரமாக எழுதிவைத்தது வக்கீலின் கை. சிலைக்கு மாலை போடும் நம் வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி, தூத்துக்குடி கோர்ட்டுகளின் பழைய கட்டுகளில் அவர் வாதாடிய வழக்குகளின் தாள்கள் மிஞ்சியிருந்தால், செல்லரிப்பதற்குள் தேடி எடுத்து அச்சில் கொண்டுவாருங்கள்.