சோதனைக்காக ஒன்றரைச் சப்பாத்தி

மின்சுற்றின் சாவியைத் திறந்து வைத்துவிட்டுக் கால்வனாமீட்டரைப் பாருங்கள். முள் சுழியில்தான் நிற்கும். இதைக் கொண்டு சுற்றில் பழுது உண்டா, இல்லையா என்று கூற இயலுமா? மின்னோட்டம் பாய்ந்தால்தானே தெரியும்! சீலியாக் நோயைக் கண்டறிவதிலும் இதே சிக்கல் இருக்கிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. பிசைந்த கோதுமை மாவு இழுத்தால் நீள்வது இதனால்தான். நம்மில் பெரும்பாலோருக்கு இது தீங்கற்றது. சீலியாக் நோயாளிக்கோ, இது சிறுகுடலை அடைந்ததும் உடலின் பாதுகாப்புப் படை சொந்தக் குடலையே தாக்குகிறது. உணவை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் மழுங்கிவிடுகின்றன. எவ்வளவு உண்டாலும் உடல் தேறாது.

நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1930-களிலேயே கோதுமையின்மீது ஐயம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கொடிய பஞ்சம், ரொட்டி அரிதாயிற்று. மற்றக் குழந்தைகள் வாட, இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர்! ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. தம் ஆய்வு முடிவுகளை அவர் 1950-இல் ஆய்வேடாக வெளியிட்டார்.

இன்று இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களை அளக்கிறார்கள். குடலின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் காண்கிறார்கள். ஆனால் வயிற்று வலிக்குப் பயந்து முன்பே கோதுமையை நிறுத்தியவருக்கு, மாதங்கள் செல்லச் செல்ல எதிர்ப்பொருள் குறையும்; குடலும் ஆறும். 'நோயில்லை' என்று பொய்யான விடை வரலாம். அதை நம்பிப் பழைய உணவுக்குத் திரும்பினால் இரத்தசோகையும் எலும்பு நலிவும் காத்திருக்கின்றன.

ஆகவே மருத்துவர் மேற்பார்வையில் மீண்டும் குளூட்டன் உண்ணச் சொல்கிறார்கள். 2013-இல் அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த நெறிப்படி நாளொன்றுக்கு 3 கிராம், இரண்டு வாரம். தாங்க முடிந்தால் எட்டு வாரம் வரை. 25 கிராம் மாவில் செய்த சப்பாத்தியில் புரதம் சுமார் 3 கிராம். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன். கணக்கிட்டுப் பாருங்கள், ஒன்றரைச் சப்பாத்திகூட வேண்டாம்! ஆனால் துன்புறுபவருக்கு அதுவும் பெரும்பாடு. சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதிருப்பதே எளிய வழி.

ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும், உங்களைப்போல் வேகமாக வளரும் பருவத்தினருக்கும் மருத்துவர்கள் இதைத் தவிர்க்கவே விரும்புகிறார்கள். கோதுமை உண்ணாமலே செய்யக்கூடிய மரபணுச் சோதனை ஒன்று உண்டு. குறிப்பிட்ட இரு மரபணு வகைகளும் இல்லையெனில் இந்நோய் அநேகமாக இல்லை எனலாம். இருந்தாலோ ஒன்றும் உறுதியாகாது. நலமாக வாழும் பலரிடமும் அவை இருக்கின்றன.