மக்ரூனுக்கு வெள்ளைக்கரு... மஞ்சள் கருவுக்கு டார்ட்!

தூத்துக்குடி போய்த் திரும்பும் மதுரைக்காரர்களின் பையில் மக்ரூன் பாக்கெட் நிச்சயம் இருக்கும். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி... இவ்வளவுதான் மக்ரூன். வீட்டில் செய்தால், மிஞ்சும் மஞ்சள் கருவை என்ன செய்வது?

லிஸ்பன் மடத்துத் துறவிகளுக்கும் இதே சிக்கல்தான். உடைகளுக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டு, மஞ்சள் கருவில் டார்ட் சுட்டார்கள் என்பார்கள். 1834-ல் மடங்கள் மூடப்பட, 1837-ல் பெலெமில் அது கடைக்கு வந்தது.

4 மஞ்சள் கரு, 250 மி.லி. பால், 100 கிராம் சர்க்கரை, 2 டேபிள்ஸ்பூன் மைதா, ஒரு துண்டு பட்டை. சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். தீ கூடினால் முட்டை திரிந்துவிடும். கெட்டியானதும் பட்டையை எடுத்துவிட்டு ஆறவிடுங்கள். கப்கேக் அச்சில் பஃப்ஸ் மாவை அழுத்தி, கஸ்டர்டை ஊற்றி, ஓ.டி.ஜி-யில் 250 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள்.

மேலே கரும்புள்ளி விழுந்தால் பதறாதீர்கள்... அதுதான் பதம்!