48 சென்ரிமீற்றர் கம்பி

மீன் வியாபாரத்தில் ஐஸ் உடைக்கும் நேரம் பிசகினால் முதல் கரைந்துவிடும். படகுகள் கரையை அழைப்பதைக் கேட்க அன்புவழிபுரத்தில் நான் வைத்திருந்த பழைய கை ஸ்கேனர் ஒருநாள் ஊமையானது. திறந்தால், பெற்றரி கசிந்து தகடுகளில் வெள்ளை பூத்திருந்தது. பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்து, ஸ்பிரிட்டால் சுத்தப்படுத்தி உலரவிட்டேன். உயிர் வந்தது.

ஆனாலும் தூரத்துப் படகு கேட்கவில்லை. குறை குட்டை ரப்பர் அன்டெனாவில். கடலில் அழைப்புக்கும் ஆபத்துக்குமான 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ். 75ஐ அதனால் வகுத்தால் கால் அலை நீளம் மீற்றரில் வரும்: சுமார் 48 சென்ரிமீற்றர். அந்த அளவில் ஒரு செப்புக் கம்பியை நிமிர்த்திக் கேபிளின் உட்கம்பியிலும், நான்கைச் சரித்து வெளிப்பின்னலிலும் பற்றவைத்தேன். கூரைக்கு மேல் உயர்த்தியதும் தெளிவாகக் கேட்டது. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் உயரமே பலம். கேபிள் நீண்டால் அலை தேயும். இடி மின்னலுக்கு முன் கழற்றிவிடுங்கள்.

நண்பர்களே, வாங்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி பற்றிக் கேளுங்கள். காதில் விழுந்த பிறர் பேச்சை விலைபேசப் பயன்படுத்தாதீர்கள். பழையதை எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.