பாறைக்கு வீடு, மண்ணுக்குப் புல்!

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கிறது அவிநாசிபாளையம். இந்தப் பக்கம் காடு வைத்திருக்கும் பலரைப் போலத்தான் நானும். முப்பது வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காடு. 'ரிட்டயர்டு ஆனதும் காட்டில் ஒரு சாளை போட்டுக்கொண்டு நாலு ஆடு வளர்க்கலாம்' என்பது நீண்ட நாள் ஆசை.

காடு என்றால் மேட்டாங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்று சொல்வோமே, அதேதான். ஒரு மூலையில் மட்டும் மண்ணே இல்லாத பாறைத் திட்டு.

வேலி ஓரமாக, நல்ல மண் இருக்கும் இடத்தில் வீட்டுக்கு அளந்து கயிறு கட்டினேன். அதைப் பார்த்த என் மனைவி, "ஏனுங்க, நல்ல மண்ணுல வீட்டைக் கட்டிப்போட்டு, ஆட்டைப் பாறையிலயா மேய விடுவீங்க?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கயிற்றை அவிழ்த்துப் பாறைக்குக் கொண்டுபோனேன். இன்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: காட்டிலேயே எதற்கும் ஆகாத இடத்தை வீட்டுக்குக் கொடுங்கள்.

கடப்பாரைதான் சோதனைக் கருவி

பாறை தெரிகிறது என்பதற்காக உடனே கட்டிவிடக் கூடாது. வீடு வரும் இடம் முழுவதும் ஐந்தடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு இடத்திலும் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் கெட்டிப் பாறை. மொத்தென்று கேட்டால் மேலே இருப்பது உரிந்த பொறை. அதைப் பெயர்த்து எடுத்துவிட வேண்டும்.

கெட்டிப் பாறையில் ஆழமாக வானம் தோண்டும் வேலை கிடையாது. சரிவாக இருந்தால் படிபோல் கொத்தி மட்டப்படுத்தி, துளை போட்டுக் கம்பி நட்டு, பாறையைக் கழுவிய பிறகு கான்கிரீட் போட வேண்டும். வெடி வைக்கும் பேச்சே வேண்டாம். உரிமம் இல்லாமல் வைப்பது குற்றம்; பக்கத்துக் கிணறும் தாங்காது.

நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சமையலறை மட்டும் பாறையைத் தாண்டி நிரப்பிய மண்ணின் மேல் போய்விட்டது. 'ரெண்டடிதானே' என்று விட்டோம். பாறை அமுங்காது, மண் அமுங்கும். அடுத்த மழைக்காலத்திலேயே பாறையும் மண்ணும் சேரும் இடத்துக்கு நேர் மேலே சுவரில் விரிசல் வந்தது. வீடு முழுவதும் பாறையில் நிற்க வேண்டும், அல்லது முழுவதும் மண்ணில் நிற்க வேண்டும். பாதிக்குப் பாதி கூடாது.

கக்கூஸ் தண்ணீர் கவனம்

பாறையில் உறிஞ்சு குழி வேலை செய்யாது. கழிவுநீர் பாறை வெடிப்பு வழியாக வடிகட்டப்படாமல் நேராகக் கிணற்றுக்கோ போருக்கோ போய்விடும். அதனால் செப்டிக் டேங்கைத் தண்ணீர் கசியாதபடி கட்டி, அதிலிருந்து வெளிவரும் நீரைக் குழாய் மூலம் மண் ஆழமாக இருக்கும் இடத்துக்கு, கிணற்றிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

கூரை தரும் தண்ணீர்

பாறைக்காட்டில் போர் போட்டால் தண்ணீர் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கூரையை நம்பலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 400 சதுர அடிக் கூரை என்பது சுமார் 37 சதுர மீட்டர். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் 22,000 லிட்டருக்கு மேல் விழும். சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 17,000 லிட்டருக்குக் குறையாது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்துக்கொள்ளலாம். மேட்டுப் பக்கம் ஒரு சிறு கரை கட்டினால், பாறையில் வழிந்து வரும் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் ஆட்டுக் குட்டைக்குப் போகும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் இங்கே சும்மா விடாது. ஷீட் கூரை போடுவதாக இருந்தால் மேற்குப் பக்கம் கொக்கிகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். வெள்வேல மரங்களை வெட்டாதீர்கள். நிழலும் தரும், அதன் காய் ஆட்டுக்குத் தீவனமும் ஆகும்.

கட்டும் முன் பார்க்க வேண்டியவை

* பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று மூன்றையும் சரிபார்த்து, வண்டிப் பாதை யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வாசல் வரை வர வேண்டும்.
* ஊராட்சியில் கட்டட அனுமதி கேளுங்கள்.
* விவசாய இலவச மின்சாரத்தில் வீட்டு விளக்கு எரிக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்குங்கள்.
* வாசல்படி தாழ்வாக, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே, சுவரில் கைப்பிடியோடு இருக்கட்டும். கட்டும்போது நமக்கு 58 வயது. குடியிருக்கப் போவது 75 வயதிலும்தான்.

கடைசியாகப் பணம். பி.எஃப். பென்ஷனுக்கு 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதை நம்பி, கையில் வரும் பி.எஃப். பணம் முழுவதையும் சுவரில் போட்டுவிடாதீர்கள். நாங்கள் ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு திண்ணையோடு நிறுத்திக்கொண்டோம். மிச்சப் பணம் பேங்கில் இருக்கிறது. முதலில் கயிறு கட்டிய இடத்தில் இப்போது ஆடுகள் மேய்கின்றன.