ஜெர்மனிக்குப் புறப்படும் அஞ்சறைப்பெட்டி

விசா கைக்கு வந்த அன்றே வீட்டில் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்கள். அம்மா புளியைக் கொட்டை நீக்கி வெயிலில் வைப்பார். மாமியார் வடகம் பிழிவார். பெட்டி மட்டும் வளராது. ஜெர்மனிக்குச் சாதாரண வகுப்பில் போகிறவருக்குப் பெரும்பாலும் 23 கிலோப் பெட்டி ஒன்றோ இரண்டோதான்; சில நிறுவனங்கள் மொத்தமாக 30 கிலோ தருகின்றன. குளிர் உடைகளும் சான்றிதழ்களும் போக மிஞ்சுவதுதான் சமையலறையின் பங்கு. அந்தப் பங்கில் அரிசியும் துவரம்பருப்பும் ஏறுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

ஏனென்றால் அவை அங்கே கிடைக்கும். 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பிவந்த தமிழர்கள் ஜெர்மனியில் வேர்விட்டார்கள். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் அந்தச் சமூகத்தின் உழைப்பு. அவர்கள் நடத்தும் கடைகளில் முழு உளுந்து, இட்லி அரிசி, புட்டு மா, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் உண்டு. “அக்கா, கறிவேப்பிலை தீர்ந்துபோச்சா?” என்று கேட்டால், “வெள்ளிக்கிழமை வரும் தங்கச்சி, எடுத்து வைக்கிறன்” என்று பதில் வரும். புது ஊரில் கிடைக்கும் முதல் உறவு பல குடும்பங்களுக்கு இதுதான். கொத்தமல்லி, புதினா, கொண்டைக்கடலைக்குத் துருக்கியர் கடை. ரவை சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கிறது. நல்லெண்ணெயில் மட்டும் கவனம் வேண்டும். கிழக்காசியக் கடைகளில் கருநிறமாக விற்கும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. இட்லிப் பொடிக்கு அது சேராது. நல்லெண்ணெயையும் தமிழ்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

சுங்கத்தில் சிக்குவது வேறு சில பொருள்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரக் கூடாது. ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிய நெய்யும் ஆட்டுக்கறித் தொக்கும் அங்கே எடுத்தெறியப்படும். கால்நடை நோய்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அதில் நியாயம் இருக்கிறது. மீனுக்கு அந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு என்பதால் நெத்திலிக் கருவாட்டைத் தைரியமாக எடுத்துச் செல்லலாம், காற்றுப் புகாமல் கட்டினால் போதும். நெய்க்குப் பதிலாக ‘புட்டர்ஷ்மால்ஸ்’ என்ற பெயரில் உருக்கிய வெண்ணெய் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நம் நெய்யின் மணம் அதில் வராது. ஆனால் பொங்கலுக்கு மிளகு, சீரகம் பொரிக்கத் தாராளமாகப் போதும்.

கசகசா விஷயத்தில் ஜெர்மனிக்காரர்களுக்குச் சங்கடமே இல்லை, கேக்கில் அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள். ஆனால் துபாய் வழியாகப் பறப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். கொப்பரையையும் பெட்டியில் வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் அதற்குத் தடை உண்டு.

எடை போட வேண்டிய இடம் பாத்திரமும் கருவியும். ஜெர்மனியில் வாடகை வீடு பல நேரங்களில் சமையலறையே இல்லாமல் வரும். மேடை, அடுப்பு, தொட்டி எல்லாம் குடிவருகிறவர் பொறுப்பு. சில வீடுகளில் விளக்குகூட இருக்காது. எனவே முதல் சில வாரங்கள் ஒரு மின்அடுப்பும் குக்கருமாகத்தான் ஓடும். அங்கே அடுப்புகள் கண்ணாடி மேல்தளம் கொண்டவை, அவற்றில் பலவும் இண்டக்‌ஷன். புறப்படுமுன் ஒரு காந்தத்தைக் குக்கரின் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இண்டக்‌ஷனில் அது சூடேறாது. குழிவான இரும்புச் சட்டி அங்கே பயன்படாது, தட்டையான அடி வேண்டும். தோசைக்கல் தட்டையாக இருந்தாலும் கண்ணாடிமேல் இழுக்காமல் தூக்கித்தான் வைக்க வேண்டும்.

மின்சாரம் நமக்குச் சாதகம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா போகிறவர்களைப் போல 110 வோல்ட் மிக்ஸி தேட வேண்டியதில்லை. பிளக் மட்டும் வேறு. மிக்ஸியின் மூன்று முள் பிளக்குக்கு எர்த் இணைப்புள்ள அடாப்டரையே வாங்குங்கள். விமான நிலையத்தில் விற்கும் பயண அடாப்டர்கள் பலவற்றில் எர்த் கிடையாது, கனமான மோட்டாருக்கு அவை ஏற்றவையும் அல்ல. டேபிள் டாப் கிரைண்டரைத் தூக்கிப் போவது தேவையா என்று கேட்டால், வாரம் இருமுறை மாவு அரைக்கும் வீடென்றால் தேவைதான் என்பேன். ஆனால் இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் சத்தம் கூடாது என்பது அங்கே எழுதி வைத்த ஒழுங்கு. சனிக்கிழமை பகலில் அரைத்து வைத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் மாவு புளிக்க மறுத்தால், ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் பொங்கிவிடும்.

சின்னச் சாமான்களைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குக்கர் கேஸ்கெட் இரண்டு, வெயிட், சேஃப்டி வால்வு, இட்லித் தட்டு, இடியாப்ப அச்சு, காபி ஃபில்டர், தேங்காய்த் துருவி, குளியலறைக்கு ஒரு மக்கு. எடை கொஞ்சம்தான், அங்கே தேடிக் கிடைக்காமல் தவிக்கும்போதுதான் அருமை தெரியும். மருந்தும் அப்படியே. மூன்று மாதத் தேவைக்கு மேல் கூடாது; மருத்துவர் சீட்டோடு இருப்பது நல்லது. காய்ச்சல் மாத்திரை, ஓஆர்எஸ் போன்றவற்றைக் கைப்பையில் வையுங்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால் கடைகள் பூட்டிக் கிடக்கும்.

மிச்ச இடம் முழுவதையும் வீட்டுப் பொடிகளுக்குக் கொடுங்கள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, உப்புப் போட்டுக் காயவைத்த மணத்தக்காளி வத்தல், வடகம், நார்த்தங்காய். கடைப் பொடி எங்கும் கிடைக்கும். தஞ்சாவூர் வீட்டில் தனியா தூக்கலாகவும் திருநெல்வேலி வீட்டில் மிளகாய் தூக்கலாகவும் வறுபடும் பொடியை எந்தக் கடைக்காரரும் இறக்குமதி செய்ய முடியாது.

அந்தப் பொடியும் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். ஆகவே அம்மா அடுத்த முறை வறுக்கும்போது பக்கத்தில் ஒரு சமையல் தராசோடு நில்லுங்கள். “ஒரு கைப்பிடி தனியா” என்று அவர் அள்ளுவதைத் தட்டில் போடச் சொல்லி, எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மிளகாய் நீட்டா குண்டா, வெந்தயம் எந்த நிறம் வந்ததும் இறக்கினார், பெருங்காயம் கட்டியா தூளா என்பதையும் எழுதுங்கள். அவர் கை வறுப்பதை ஒரு வீடியோவாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கணக்கைப் பார்த்துப் பார்த்து, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே நீங்களாக ஒரு தடவை வறுத்து அரைத்து, அவரிடம் ருசி பார்க்கக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.